கல்லாற்றில் பொறிக்கு முளை அடிப்பது

நியூசிலாந்தின் தென் தீவில், மெக்கன்சி பக்கம், ஆறு என்றால் ஒரே ஓட்டமாக இருக்காது. ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு வெறும் கல்லும் சரளையும் கிடக்கும், அதற்குள் அவிழ்த்துவிட்ட சடை மாதிரி பல கால்வாய்கள் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும். பெரிய மரம் ஒன்றுகூட இருக்காது. அந்தக் கல்லுக்கு நடுவே, கூடு என்று ஒன்றும் கட்டாமல், சின்னக் குழி பறித்து முட்டையிடும் பறவைகள் இருக்கின்றன. ரைபில் என்று ஒன்று, அலகு வலப்பக்கமாக வளைந்திருக்கும், உலகத்தில் அப்படிப் பக்கவாட்டில் வளைந்த அலகு வேறு எந்தப் பறவைக்கும் இல்லை. இன்னொன்று காக்கி என்ற கறுப்பு நெடுங்காலி. 1981இல் காட்டில் எஞ்சியிருந்தது 23தான்.

இவற்றின் முட்டையையும் குஞ்சையும் தின்பது கீரி மாதிரி ஒல்லியான ஸ்டோட், ஃபெரெட், அப்புறம் காட்டுப்பூனை, முள்ளெலி. எல்லாம் மனிதன் கொண்டுவந்தவை. முயல் பெருகிவிட்டது என்று 1880களில் ஃபெரெட்டையும் ஸ்டோட்டையும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள், அவை முயலோடு நிற்கவில்லை. அதனால்தான் இங்கே பொறி வைக்கிறோம். சில வருடங்களாக ஒரு தன்னார்வக் குழுவோடு நானும் போகிறேன். (இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள விலங்குக்குப் பொறி வைப்பது வேட்டையாடியதாகவே கணக்கு. இது அங்கே செய்யும் வேலை அல்ல.)

பொறி எந்த வகை, இரை என்ன என்றெல்லாம் நிறையப் பேர் பேசுவார்கள். பொறியைத் தரையோடு பிணைக்க அடிக்கும் இரும்புக் கம்பியை, அதாவது முளையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எனக்கு அதன் அருமை ஒரே காலையில் தெரிந்துவிட்டது.

முதல் பருவத்தில், காலைக் கவ்வும் பொறி ஒன்றை ஒற்றைக் கம்பியில் கட்டி வைத்தேன். கம்பி ஒன்றரை அடி. அடிக்கும்போது பாதியிலேயே கல்லில் முட்டியது, நானும் ஓங்கி நாலு அடி போட்டு இறக்கிவிட்டு, கையால் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை, சரி என்று வந்துவிட்டேன். மறுநாள் விடிந்து போனால் பொறி இல்லை. கம்பி இருந்த இடத்தில் கிண்ணம் மாதிரி ஒரு குழி. சரளையில் சங்கிலி இழுபட்ட கோடு தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டே போனோம். நாற்பது அடி தள்ளி மட்டகௌரி முட்புதருக்குள் ஃபெரெட் உயிரோடு கிடந்தது, சங்கிலி தண்டில் சுற்றிக்கொண்டிருந்தது. என்னோடு வந்த பெரியவர், ஆட்டுப்பண்ணை நடத்தி ஓய்ந்தவர், ஒரு வார்த்தை பேசாமல் அதன் வேதனையை முடித்துவைத்தார். அந்தப் புதர் மட்டும் இல்லையென்றால் அது காலில் இரும்போடு போய், எங்கோ பல நாள் கிடந்து செத்திருக்கும். கொல்லத்தான் வந்திருக்கிறோம், ஆனால் அப்படிக் கொல்ல நமக்கு உரிமை இல்லை. உயிரோடு பிடிக்கும் பொறியை ஒவ்வொரு நாளும் சூரியன் உதித்து 12 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்று நியூசிலாந்தின் 1999ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் சொல்கிறது. பொறியே ஓடிவிட்டால் எதைப் போய்ப் பார்ப்பது?

என் தப்பு எங்கே என்று பெரியவர் குழியைக் காட்டியே சொன்னார். ஊரில் தொழுவத்தில் மாட்டுக்கு முளை அடிக்கும்போது, மாடு இழுக்கும் பக்கத்துக்கு எதிராகச் சாய்த்து அடிப்போம். மாடு ஒரே பக்கம் இழுப்பதால் அது நிற்கிறது. பொறியில் மாட்டிய விலங்கு அப்படியல்ல, வட்டமாகச் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் இழுக்கும், மேல்நோக்கியும் துள்ளும். களிமண் என்றால் கம்பியைக் கவ்விப் பிடிக்கும், சரளை பிடிக்காது. ஒவ்வொரு இழுப்புக்கும் கல் கொஞ்சம் நகர்ந்து துளை அகலமாகும், இரவு முழுக்க அது நடந்தால் எவ்வளவு நீளக் கம்பியும் கையோடு வந்துவிடும்.

அதனால் இப்போது இரண்டு கம்பி. 12 எம்.எம். முறுக்குக் கம்பி, இரண்டடி நீளம், தலையில் நட்டு வைத்துப் பற்றவைத்தது. சங்கிலியின் கடைசி வளையத்துக்குள் இரண்டையும் விட்டு, மண்ணுக்கடியில் பெருக்கல் குறி மாதிரி ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்கிறோம். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதாவது ஒரு கம்பிக்கு அது எதிர்ச்சாய்வு. மேலே தூக்கினாலும் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வர வழியில்லை.

அடிக்கும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும். கம்பி இறங்கும்போது சத்தம் மந்தமாக இருக்கும். கல்லில் முட்டினால் 'டங்' என்று கணீரென்று கேட்கும், சம்மட்டி கையில் எகிறும். அங்கே முரட்டுத்தனம் கூடாது. நான் அன்று செய்தது அதுதான், கல் உள்ளேயே புரண்டு துளையைப் பெரிதாக்கிவிட்டது. பிடுங்கிவிட்டு நாலு விரல் தள்ளி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். முதலில் கடப்பாரையால் வழி பார்த்துக்கொண்டால் கம்பி வளையாது, ஆனால் கடப்பாரைக் குழி கம்பியைவிட அகலமாகிவிடக் கூடாது. கம்பியின் தலை தரையோடு தரையாக இருக்க வேண்டும். இரண்டங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதுவே நெம்புகோல் ஆகி, விலங்குக்கு உதவி செய்யும். சங்கிலியும் ஓரடிக்கு மேல் வேண்டாம். நீளமாக விட்டால் ஓடிவந்து வெட்டி இழுக்கும், முளைக்கும் கேடு, அதன் காலுக்கும் கேடு. முறுக்கு ஏறாமல் இருக்க நடுவில் சுழலும் வளையம் ஒன்று கட்டாயம்.

எவ்வளவு தள்ளித் தள்ளி அடித்தாலும் கம்பி இறங்காத இடமும் உண்டு. அங்கே முழங்கை ஆழத்துக்குக் கல்லைத் தோண்டி, சங்கிலி கட்டிய ஒரு முழ நீள இரும்புக் கோணத்தைப் படுக்கவைத்து, மேலே கல்லை அடுக்கி மிதித்து மூடுவோம். நேரம் பிடிக்கும், ஆனால் அசையாது. அமெரிக்காவில் கொக்கி கட்டி விட்டுவிடும் பழக்கம் உண்டு, விலங்கு இழுத்துக்கொண்டு போய்ப் புதரில் மாட்டி நிற்கும் என்று. இந்த வெட்டவெளியில் அதை வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

பெட்டிக்குள் வைக்கும் கொல்பொறிக்கு வேறு கவலை. டாக் 250 போன்றவற்றை மரப்பெட்டியில் வைத்துக் கல்மேல் வைத்தால் பெட்டி ஆடும். ஆடும் பெட்டிக்குள் ஃபெரெட் கால் வைக்கத் தயங்கும். அடியில் கல்லைக் கிளறி எடுத்துவிட்டுப் பொடிச் சரளை பரப்பி, நாலு மூலையும் அழுத்திப் பார்த்து, இரண்டு பக்கமும் கம்பி அடித்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட வேண்டும். வடமேற்குக் காற்று வந்தால் காலிப் பெட்டியைப் புரட்டிவிடும். மலைப் பக்கம் கியா என்ற கிளி வேறு. பெட்டிக்குள் குச்சியை விட்டுப் பொறியைத் தட்டிவிடும் அளவுக்குக் கெட்டிக்காரப் பறவை அது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. காலை அகட்டி நின்று, சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து, நாலு பக்கமும் சுற்றி இழுத்து, கடைசியாக மேல்நோக்கி முழு பலத்தோடு இழுக்க வேண்டும். துளி அசைந்தாலும் அந்த இடத்தில் அன்று பொறி கிடையாது. பொறி குறைந்தால் குறையட்டும்.

பருவம் முடிந்ததும் கம்பிகளைப் பிடுங்கிவிடுவோம், வெள்ளம் வந்து மூடினால் யார் காலையாவது கிழிக்கும். முறுக்குக் கம்பியை அப்படியே இழுக்கக் கூடாது, பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினால் பிடி விடும். போன பிப்ரவரியில் அந்த மட்டகௌரிப் புதருக்குப் பக்கத்தில் அடித்த ஜோடி மட்டும் ரெஞ்சுக்கும் அசையவில்லை. சுற்றிலும் தோண்டி, கடப்பாரை போட்டு, நானும் பெரியவரும் சேர்ந்து நெம்பி எடுக்க அரை மணி நேரம் ஆனது.