பிரேமதாசவுக்கு நூறு, எனக்கு ஒரு பெனர்

2024 ஜூன் 10, திங்கள்

அச்சுக் கடையில் இன்று வந்த வேலைகளில் ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. பன்னிரண்டு அடிக்கு நாலு அடி பிளெக்ஸ் பெனர். கொண்டு வந்தவர் கொழும்பு வாழைத்தோட்டத்து நானா ஒருவர், எங்கள் பழைய வாடிக்கை, கல்யாணக் கார்டிலிருந்து மௌத் அறிவித்தல் வரைக்கும் எங்களிடம்தான் அடிப்பார். "தங்கச்சி, எங்கட ஆளுக்கு வாற 23ஆம் தேதி நூறு வருஷம். சும்மா உடலாமா?" என்றார். எந்த ஆள் என்று கேட்டிருக்கத் தேவையில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன். ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

ரணசிங்க பிரேமதாச. 1924 ஜூன் 23இல் அதே வாழைத்தோட்டத்தில் பிறந்தவர். பெரிய காணியோ பெரிய குடும்பமோ பின்னால் இல்லாமல் மாநகரசபை உறுப்பினராகி, பிறகு மத்திய கொழும்பு எம்.பி., அமைச்சர், 1978இலிருந்து பிரதமர், 1989 ஜனவரியிலிருந்து ஜனாதிபதி. கட்சிக்காரர்கள் புதுக்கடையில் அவர் சிலையடியில் தங்கள் பாட்டுக்குச் செய்வார்கள், அது வேறு. நானாவும் அவர் ஒழுங்கைக்காரர்களும் தாங்களாகவே ஒன்று செய்யப்போகிறார்களாம்: பழைய படங்களைப் பலகையில் ஒட்டி ஒழுங்கை நெடுகிலும் வைப்பது, நூறு பிள்ளைகளுக்குக் கொப்பி, மத்தியானம் சோறு.

சிங்கள வரிகளை எழுதிக்கொண்டே வந்துவிட்டார். "தமிழ்ப் பகுதி உங்கட வேலை. நாய்மார் வராமப் பாத்துக்கொள்ளுங்கோ."

தெரியாதவர்களுக்கு: பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆசனத்துக்கு மேல் 'தா' இருக்கவேண்டிய இடத்தில் 'நா' போட்டு ஒட்டியிருந்த படம் ஊரெல்லாம் சுற்றியதே, அது. இந்த நாட்டில் தமிழ் ப்ரூஃப் பார்க்கிறவளுக்குச் சோறு கிடைப்பதே அந்த மாதிரி எழுத்துகளால்தான்.

ஜூன் 12, புதன்

பிரேமதாசவா, பிரேமதாஸவா, பிரேமதாசாவா? மூன்றும் பத்திரிகைகளில் இருக்கிறது. முதலாவதைப் போட்டேன். 'ஜனன நூற்றாண்டு' என்று நானா சொன்னார், சிங்களத்தை அப்படியே தூக்கிப்போட்ட மாதிரி இருந்தது, 'நூறாவது பிறந்த தினம்' ஆக்கினேன்.

பெரிய சிக்கல் படத்துக்குக் கீழே. சிங்களப் பகுதியில் 1924 – 2024 என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். இதைப் பார்க்கிறவன் மனிதர் போன மாதம்தான் காலமானார் என்று நினைக்கமாட்டானா? சொன்னேன். அப்போ எப்படிப் போடுறது, 1993 என்று போட்டால் பிறந்தநாளில் சாவைச் சொன்ன மாதிரி ஆகாதா என்று நானா கேட்டார். அதுவும் நியாயம்தான். சிங்கள வரியில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை, அப்படியே விட்டேன்.

ஜூன் 13, வியாழன்

'ஏழைகளின் தோழர்' என்று ஒரு வரி தமிழில் வேண்டுமாம். சிங்களத்திலும் அதுதான் இருக்கிறது. தட்டச்சு செய்ய அரை நிமிடம் ஆகாது. ஆனால் விரல் நின்றது, ஏன் என்று அப்போது தெரியவில்லை.

இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், பதினேழு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்து, செட்டியார் தெருவில் நகைக்கடையில் நின்ற அப்பாவைக் கட்டிக்கொண்டவர். இந்த நாட்டில் பிறந்தும் பிரஜை இல்லை. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தோட்டத் தமிழர்களில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று கொட்டைப்பாக்கு எண்ணுவதுபோல எண்ணிப் பிரித்தபோது பாட்டன் எந்தப் பக்கத்துக்கும் விண்ணப்பிக்கவில்லை. போனால் போகட்டும் என்று இருந்துவிட்டார். 1988 சட்டம் வந்துதான் அம்மா போன்றவர்கள் பிரஜைகள் ஆனார்கள்.

"அந்த மனுசன்தான் குடுத்தாரு, புள்ள" என்கிறார் அம்மா. அப்போது ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன, அந்தச் சட்டத்துக்காக வருடக்கணக்காகப் பேரம் பேசியது தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான், பிரேமதாச பிரதமராக இருந்தார், அடுத்த மாதமே ஜனாதிபதித் தேர்தல், தோட்டத்து வாக்கு அவருக்கு வேண்டியிருந்தது, அவர் வென்றதே 50.43 வீதத்தில் மயிரிழையில்தான் என்று நான் நீளமாக விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். "சரி. யாருக்கு வேணுமோ, குடுத்தாங்கள்ல?"

அம்மாவின் அடையாள அட்டை இன்னும் அந்தப் பழைய பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கிறது.

ஜூன் 15, சனி

பக்கத்து வீட்டு அன்ரி யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர், 1995இல் இடம்பெயர்ந்து பிறகு கொழும்புக்கு வந்தவர். பின்னேரம் தேத்தண்ணிக்கு வந்தபோது அம்மா பெனர் கதையை எடுத்துவிட்டார். எடுத்திருக்கவேண்டாம்.

"பிள்ளை, அந்தாளின்ர காலத்தில நாங்கள் பனங்காய் போட்டு உடுப்புத் தோய்ச்சனாங்கள், தெரியுமே?" தெரியும். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை. சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, மெழுகுதிரி இல்லை. ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி வைத்து, அந்த வெளிச்சத்தில் அன்ரியின் மகள் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தாள். செய்தி கேட்கவேண்டுமானால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடல் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். இதையெல்லாம் அன்ரி கோபமாகச் சொல்லவில்லை, கொஞ்சம் சிரிப்புடன்தான் சொன்னார், கெட்டித்தனமாகச் சமாளித்த பெருமையும் அதில் இருந்தது. பிறகு விமானம் குண்டு போட்ட கதைக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா விடவில்லை. இந்தியன் ஆமியைப் போகச் சொன்னது யார், 1990 மார்ச்சில் கடைசிக் கப்பலை அனுப்பி வைத்தது யார், புலிகளைக் கொழும்புக்குக் கூப்பிட்டு ஹோட்டலில் வைத்துப் பேசியது யார் என்று கேட்டார். (அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எனக்கே ஆச்சரியம்.) அன்ரி சொன்னார், "ஓம், பேசினவர். பேசி முடிய அடிச்சவர். இவையளும் சும்மா இருக்கேல்லைத்தானே." அதோடு இரண்டு பேரும் பேச்சை விலைவாசிக்கு மாற்றிவிட்டார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடப் பக்கத்து வீடு. எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியும்.

ஜூன் 17, திங்கள்

ஹஜ் பெருநாள், கடை பூட்டு. நானா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. கூடவே ஒரு செய்தியும்: "வரி எழுதிட்டீங்களா?"

ஜூன் 18, செவ்வாய்

எழுதவில்லை. ஆனால் படப் பலகைகளை அடித்தோம்.

படங்கள் நன்றாக இருந்தன, அதைச் சொல்லத்தான் வேண்டும். கம் உதாவ (கிராம எழுச்சி) கண்காட்சி, அவர் பிறந்தநாளை ஒட்டி வருடா வருடம் ஒவ்வொரு ஊரில் நடந்தது, வெளிச்ச அலங்காரமும் சனமுமாகப் பெருநாள் மாதிரி. 1986இல் கெத்தாராமவில் திறந்த மைதானம், இன்று அவர் பெயரில் இருப்பது. மணிக்கூட்டுக் கோபுரங்கள். அவருக்கு மணிக்கூட்டுக் கோபுரம் என்றால் ஒரு பைத்தியம், ஊருக்கு ஒன்று கட்டினார், இன்று பாதி ஓடாது. ஜனசவிய வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு ஒரு பலகை: ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய் கணக்கு, 1,458 சாப்பாட்டுச் சாமான்களுக்கு, மிச்சம் 1,042 சேமிப்பில், இரண்டு வருடம் முடிய இருபத்தையாயிரம் கையில் இருக்கும், அதைக்காட்டிக் கடன் எடுத்துத் தொழில் தொடங்கலாம். கணக்கு அழகு. இன்றைக்குக் கொடுக்கிற கொடுப்பனவுகளின் படிவத்தை நிரப்பவே ஒரு வாரம் போகிறது.

மெஷினில் நிற்கிற அய்யா தெற்குப் பக்கத்துச் சிங்களவர், எங்கள் கடையில் பதினைந்து வருடம். பிரேமதாசவின் பெரிய முகப்படம் வெளியே வந்தபோது நிறுத்தச் சொன்னார். மஜந்தா கூடிவிட்டதாம், முகம் சிவந்து கிடக்கிறதாம். நான் கவனிக்கவே இல்லை. அரை மணித்தியாலம் மினக்கெட்டு, மூன்று துண்டு சோதனை அடித்து, நிறத்தைச் சரிப்படுத்தினார். மனிதருக்கு இவரில் அவ்வளவு பக்தியா என்று நினைத்துக்கொண்டேன்.

பிளேன்டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார். அவர் அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. 1989இல் இரவு வந்து கூட்டிப் போனார்கள். அரசுக்கு எதிராகக் கிளர்ந்த ஜே.வி.பி.யில் இருந்தானா இல்லையா என்று வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, போஸ்டர் ஒட்டினான், அவ்வளவுதான் தெரியும். அந்த வருடம் ஜே.வி.பி.காரர்கள் ஒரு பக்கம் சுட்டார்கள், ஆமியும் பெயரில்லாத ஆட்களும் ஒரு பக்கம் சுட்டார்கள், சந்தியில் டயர் எரியும். அவருடைய அம்மா கொஞ்சக் காலம் ஒவ்வொரு சந்தியாகப் போய்ப் பார்த்தாராம். அதற்குப் பிறகு வீட்டில் பிரேமதாசவின் படம் வந்த பேப்பரில் கருவாடுகூடச் சுற்றக்கூடாது என்று சட்டம்.

"அப்போ ஏன் அய்யே இவ்வளவு நேரம் நிறம் பார்த்தீர்கள்?"

"வேலை நங்கி" என்றார்.

ஜூன் 19, புதன்

வரி எழுதினேன். 'வாழைத்தோட்டத்தில் பிறந்து ஜனாதிபதியானவர்.' இவ்வளவுதான். அம்மா, அன்ரி, அய்யா, மூன்று பேரும் வாசித்து இல்லையென்று சொல்ல முடியாத ஒரு வசனம் தேடினேன், இது ஒன்றுதான் அகப்பட்டது.

நானா இரண்டு முறை வாசித்தார். தோழரைக் காணவில்லையே என்றார். இடம் போதாது என்று பொய் சொன்னேன். பிறகு அவரே, "இது நல்லம். எங்கட இடத்தின்ர பேர் வருது" என்றார். வாழைத்தோட்டம் என்றால் பேப்பரில் வெட்டுக்குத்துச் செய்தியில்தான் வரும், அதனால் இருக்கலாம்.

ஜூன் 21, வெள்ளி

பொசன் போயா. தன்சலில் (இலவசச் சாப்பாட்டுப் பந்தலில்) வரிசையில் நின்று மரவள்ளிக் கிழங்கும் கட்டச் சம்பலும். மழை.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் ஆறு மணிக்கு எழும்பி ரீ.வி. போட்டால் உலகக் கிண்ணக் கிரிக்கெட்டில் ஆப்கானிஸ்தான் அவுஸ்திரேலியாவுடன் விளையாடுகிறது, நம்மாட்கள் முதல் சுற்றிலேயே வீடு வந்துவிட்டார்கள், நாம் ஆப்கானிஸ்தானுக்காகக் கை தட்டிக்கொண்டிருக்கிறோம். இருபத்தொரு ஓட்டத்தால் வென்றார்கள். நானாவின் ஒழுங்கைக்குள் நுழையும்போது பொடியன்கள் அதைத்தான் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், பெனரைப் பார்க்க யாரும் இல்லை.

சிலைப்பக்கம் போய்வந்தோம், கட்சி ஆட்கள் வந்து போய்விட்டார்கள், மாலைகளும் பொலிஸ்காரர் ஒருவரும் மிச்சம். ஒழுங்கையில்தான் உண்மையான கூட்டம். பலகைக்கு முன்னால் நின்று பெரியவர்கள் விரலால் தொட்டுத்தொட்டு ஆள் தேடினார்கள். இது உன் வாப்பா, இல்லை இது அவர் தம்பி, அந்த வீடு இப்போ இல்லை, இந்தச் சுவர்தான் அது. பிரேமதாச நடுவில் நிற்கிறார், அவரை யாரும் பார்க்கவில்லை, ஓரத்தில் அரைகுறையாக வெட்டுப்பட்ட முகங்களைத்தான் பார்த்தார்கள். அதிகாலை நாலு மணிக்கே எழும்பிவிடுவார், அதிகாரிகளுக்கு அந்த நேரத்தில் போன் போகும், பலபேருக்குத் தூக்கம் போனது அதனால்தான் என்று ஒருவர் கதை சொல்ல ஒரே சிரிப்பு.

கொப்பி கொடுக்கும்போது எனக்கு 1993 ஞாபகம் வந்தது. அந்த வருடம்தான் பாடசாலையில் சீருடைத் துணி இலவசமாகத் தரத் தொடங்கினார்கள். எனக்கு எட்டு வயது. கடதாசியில் சுற்றிய வெள்ளைத் துணி, கஞ்சி வாசம், அம்மா அளவு பெரிதாக வைத்துத் தைத்தார், இரண்டு வருடத்துக்கு வரவேண்டும் என்று. அதே வருடம் மே முதலாம் தேதி மத்தியானம் ஆமர் வீதிப் பக்கம் ஒரு சத்தம், மே தின வெடி என்றுதான் நினைத்தோம். அப்பா ஊர்வலம் பார்க்கப் போயிருந்தார். ஒரு மணித்தியாலம் கழித்துச் செருப்பில்லாமல் வந்தார், ஒன்றும் சொல்லவில்லை, நேரே போய்க் குளித்தார். பிரேமதாச குண்டில் இறந்துவிட்டார் என்று மாலையில்தான் அறிவித்தார்கள், ஊரடங்கு போட்டார்கள். புலிகள்தான் என்று எல்லோரும் சொன்னதும் அம்மா கதவைப் பூட்டி, விளக்கையும் அணைத்துவிட்டார். 83 கலவரம் திரும்ப வருமோ என்று அன்றிரவு யாரும் தூங்கவில்லை. வரவில்லை. அந்தச் சீருடையை மூன்றாம் தேதியோ நாலாம் தேதியோ திரும்பப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனேனா, விடுமுறை விட்டார்களா, அது மட்டும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

அன்ரியை வரச்சொல்லவில்லை, தானாக வந்தார், அம்மாவுக்குத் துணைக்காம். படங்களைப் பார்க்கவில்லை. சோறு நல்லது என்றார், இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

கொப்பி வாங்க வந்த ஒரு பொடியன் பெனரை அண்ணாந்து பார்த்து என்னைக் கேட்டான்: "இவர் சரியா நூறு வயசுல மௌத்தானாரா?"

சொன்னேனே.

ஜூன் 26, புதன்

ஆசிரியர்கள் வேலைநிறுத்தம், பிள்ளைகள் வீட்டில். நாலு நாளாகச் சுவரெல்லாம் 'நற்செய்தி' என்று போஸ்டர் (எங்கள் கடையில் அடிக்கவில்லை, அடித்திருந்தால் நல்ல காசு). இரவு ஜனாதிபதி ரீ.வி.யில் வந்து பாரிஸில் கடன் கொடுத்த நாடுகளுடன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார். எங்கோ பட்டாசு வெடித்தது. பக்கத்து வீட்டில் அன்ரி ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது, எப்போதும் அப்படித்தான், முதல் வெடிக்கே சாத்திவிடுவார்.

அம்மா பாதித் தூக்கத்தில், "இன்னைக்கு யாருக்கு நூறு, புள்ள?" என்றார்.

நானா பெனர்க் காசில் பாதிதான் கொடுத்திருக்கிறார். மிச்சம் மாதக் கடைசியில்.