வரி வாங்காத திருவிழா

வருவாய்த் துறையில் வட்டாட்சியராக இருப்பவருக்குப் பங்குனி, சித்திரை வந்தாலே தூக்கம் குறையும். பட்டா மாறுதல், சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை எல்லாம் ஒரு பக்கம் குவிந்து கிடக்க, திருவிழா மனுக்கள் வந்து சேரும். பெரும்பாலானவை சும்மா கையெழுத்துக்கு. சிலவற்றின் பின்னால் மட்டும் காவல் நிலையத்திலிருந்து 'சட்டம் ஒழுங்கு பாதிக்க வாய்ப்புள்ளது' என்று ஒரு குறிப்பு ஒட்டிக்கொண்டு வரும். உடனே சமாதானக் கூட்டம். நான் ஓய்வு பெறும்வரை நடத்திய கூட்டங்களில் அதிகம் இந்த வகைதான்.

கூட்டம் எங்கே நடந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தாலுகா அலுவலகத்தில் நீளமேசை. ஒரு பக்கம் வெள்ளை வேட்டி, மடித்த துண்டு, ஊர்ப் பெரியவர்கள். எதிர்ப்பக்கம் பட்டியலினத்தவர் குடியிருக்கும் காலனியிலிருந்து வந்தவர்கள், அவர்களில் பாதிப்பேர் இளைஞர்கள். நடுவில் நான், இன்ஸ்பெக்டர், வருவாய் ஆய்வாளர், விஏஓ. டீ வரும்வரை யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். அப்புறம் பேச்சு தொடங்கும். "காலங்காலமா இருக்குற வழக்கம் சார்." "வெளியாள் வந்து தூண்டி விடுறான் சார்." இந்த இரண்டையும் எத்தனை ஊரில் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

பத்திரிகையில் 'ஆலய நுழைவு' என்று செய்தி வரும்போது, வாசல்படி தாண்டுவதுதான் பிரச்சினை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வாசல்படி கடைசியில் வருவது. முதலில் வருவது திருவிழாச் செலவுக்கு ஊரார் தரும் வரியை எழுதும் நோட்டு.

ஒரு ஊரில் இதை நன்றாகவே பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். தாங்கள் பாகுபாடு பார்ப்பதில்லை என்று காட்ட நாட்டாமை திருவிழா வரி நோட்டையே கொண்டுவந்திருந்தார். கோடு போட்ட நீளநோட்டு. தலைக்கட்டு வாரியாகப் பெயர், எதிரே தொகை, பாக்கி இருந்தால் சிவப்பு மையில் சுழி. தெருத்தெருவாக எழுதியிருந்த அந்த நோட்டில் காலனித் தெருவே இல்லை. கேட்டேன். "பாவம் சார், கூலி வேலைக்குப் போற சனம். அவங்ககிட்ட எதுக்கு வாங்கணும்னு விட்டுட்டோம்" என்றார். உண்மையிலேயே பெருந்தன்மையாகத்தான் சொன்னார். எதிர்ப்பக்கம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்வரும் ஒரு பையன் எழுந்தான். "தள்ளுபடி நாங்க கேட்டோமாங்கய்யா? எங்ககிட்டயும் வரி வாங்குங்கன்னுதான் மனு குடுத்திருக்கோம்."

வரி கட்டச் சொல்லி ஒருவர் மனு கொடுப்பதை எங்கள் துறையில் வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. வரி கொடுத்தவன் வீட்டு வாசலில் சப்பரம் நிற்கும், தேங்காய் உடைக்கலாம். வரி கொடுத்தவன் கணக்குப் பார்க்கும் கூட்டத்தில் உட்காரலாம், மண்டகப்படி கேட்கலாம், பொங்கல் பானை வைக்க இடம் கேட்கலாம். நோட்டில் பெயர் இல்லாவிட்டால் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. தடுத்தார்கள் என்று புகார் எழுதவும் வழியில்லை, யாரும் கையை நீட்டித் தடுக்கவில்லையே.

இந்தக் கட்டத்தில் அடுத்த வாதம் தயாராக இருக்கும்: "இது எங்க குலதெய்வக் கோயில், தனியார் கோயில்." இதற்கு எங்களிடம் பேச்சைவிடக் காகிதம் உதவும். எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் கிராம 'அ' பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் பல கோயில்கள் அரசுப் புறம்போக்கில்தான் நிற்கும். அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து வைத்தால் குரல் கொஞ்சம் இறங்கும். பொதுமக்கள் வழிபடும் கோயிலுக்குள் எல்லா இந்துக்களும் போகலாம் என்று 1947-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1939 ஜூலை 8 அன்று, காந்தியவாதியான வைத்தியநாத ஐயர், பட்டியலினத்தவரான கக்கன் உள்ளிட்டோரை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனார். அதனால் மீனாட்சியையும் பழனியாண்டவரையும் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வருகிற மனிதர்தான் சொந்த ஊர் மாரியம்மன் எதிரில் வெளியே நிற்கிறார். பெரிய கோயில் கூட்டத்தில் யார் எந்தத் தெரு என்று தெரியாது. சொந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதுதான் சிக்கல்.

சாமி மாறினாலும் இது மாறிவிடுவதில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் தேவாலயத்துக்குள் சாதி பிரித்து உட்காரச் சுவரே இருந்தது. 1910-ல்தான் அதை இடித்தார்கள்.

எங்கள் தரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருவாய்த் துறையும் காவல்துறையும் இதை நியாயப் பிரச்சினையாகப் பார்ப்பது அபூர்வம். எங்கள் அகராதியில் அது 'அமைதி' பிரச்சினை. அடிதடி இல்லாமல் நாள் கழிந்தால் வெற்றி. அதற்குக் கைவசம் குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு எண்கள் உண்டு: 107, 144, 145. இப்போது சட்டம் மாறி 126, 163, 164. ஒத்துவரவில்லையா, கோட்டாட்சியர் உத்தரவு போட்டுப் பூட்டிச் சீல் வைத்துவிடுவார். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் அப்படித்தான் பூட்டப்பட்டது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடுதான் பட்டியலினத்தவர் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. சீல் இரண்டு பக்கத்துக்கும் பொது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஏற்கெனவே உள்ளே இருந்தவருக்கு அது ஒரு வருடத் திருவிழா நஷ்டம். வெளியே நிற்பவருக்கோ, "நீ கேட்டதாலதான் சாமி இருட்டுல கிடக்குது" என்ற பழியும் சேர்த்து.

இன்னொன்று எனக்கு உறுத்தும். கூட்டத்தில் உரிமை பேசுவோம், வழக்கம் பேசுவோம், பந்தோபஸ்து பேசுவோம், பக்தி மட்டும் பேச்சில் வராது. நான் சொன்ன ஊரில் கூட்டம் முடிந்து ஜீப் ஏறப் போனபோது ஒரு அம்மா ஓரமாக வந்தார். மகனுக்கு அம்மை போட்டபோது மாவிளக்கு வேண்டிக்கொண்டாராம். அந்த மகனுக்கு இப்போது கல்யாண வயது. "உள்ள போய் வெக்கணும்னுதான் வேண்டுனேன். வாசல்ல வெச்சா கணக்குல சேருமாங்கய்யா?" என்றார். அவருக்குத் தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டப் பிரிவு 17 தெரியாது, கட்சியும் கிடையாது. தூண்டிவிட்ட வெளியாள் என்று பார்த்தால் அந்த மாரியாத்தாவைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, அந்த ஊரில் என்ன ஆனது? மூன்று அமர்வு பேசி, காலனித் தெருவையும் நோட்டில் ஏற்ற ஒப்புக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே தொகை, ரசீது கட்டாயம் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினோம். அந்த வருடம் அந்த அம்மா மாவிளக்கு வைத்தார், வெளியே பட்டாலியன் போலீஸ் நின்றது. ஊர்ப் பெரியவர்களில் சிலர் அன்று முழுக்க வீட்டைவிட்டு வரவில்லை. மறுவருடம் வரி வாங்க வந்தபோது தொகை அதிகம் என்று காலனிக்காரர்களே சண்டை போட்டார்கள், மேலத்தெருக்காரர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். தேர் வடம் பிடிப்பதில் மட்டும் முடிவு எட்டவில்லை. அந்தக் கோப்பு எனக்கு அடுத்து வந்தவர் மேசையில் இருக்கிறது.