ஒன் ஒன் ஜீரோ, ஒன் ஜீரோ ஜீரோ

எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். கோவையை அடுத்த சோமனூர்ப் பக்கம் இது அதிசயமில்லை, எட்டுத் தறி ஓடும் சத்தத்திலேயே படித்து, தூங்கி வளர்ந்தவன் நான். உள்ளே யார் பேசினாலும் பாதியைக் காதால் கேட்டு மீதியை உதட்டைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் அப்பா வாசலில் நின்று "அறுபதாம் நம்பர் நூல்" என்று கத்த, தறி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருத்தர் "சரீங்க" என்றார். அவருக்குக் கேட்டது இருபது. கொஞ்ச நேரம் நெய்த பிறகுதான் துணி கனமாக வருகிறதே என்று பார்த்தார்கள். அப்பா திட்டவில்லை. "சரீங்கன்னியேப்பா, என்னன்னு கேட்டுட்டுச் சரீங்கன்னே?" என்றார், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி பல வருஷம் கழித்து எனக்கே வந்து சேர்ந்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டேன். எந்த ஊர் என்பது வேண்டாம். மழைக்காலத்து சாயங்காலம், ரேடார் திரையில் வழக்கத்தைவிடக் கூட்டம். இறங்கி வந்த ஒரு விமானத்தை ஃப்ளைட் லெவல் 110-இல், அதாவது சுமார் 11,000 அடியில், நிறுத்தச் சொன்னேன். அதற்குக் கீழே 100-இல் புறப்பட்டுப் போகும் இன்னொன்று பறந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் அடி. நான் சொன்னது "ஒன் ஒன் ஜீரோ". பைலட் திருப்பிச் சொன்னது "ஒன் ஜீரோ ஜீரோ". நான் ஸ்ட்ரிப்பில், அதாவது அந்த விமானத்துக்கான குறிப்புச் சீட்டில், குறித்துக்கொண்டு அடுத்த விமானத்தைக் கூப்பிட்டுவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனியர்தான் என் முழங்கையைத் தட்டி, "அவர் நூறு என்றார்" என்றார். திரையைப் பார்த்தால் 10,800 காட்டுகிறது, இன்னும் இறங்குகிறது. உடனே ஏறச் சொல்லி, கீழே இருந்ததை வேறு திசைக்குத் திருப்பினேன். பக்கவாட்டில் தூரம் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஷிஃப்டிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள், அது நடைமுறை. வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் பல்லில் இடித்தது.

அடுத்த நாள் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். முதல் முறை கேட்டபோதும் பைலட்டின் வாயிலிருந்து "ஒன் ஒன் ஜீரோ" என்றேதான் என் காதில் விழுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோதுதான் அந்த நடு "ஜீரோ" தனியாகப் பிரிந்து வந்தது. அவர் பேசியதை நான் கேட்கவே இல்லை, நான் சொன்னதைத்தான் அவர் குரலில் கேட்டிருக்கிறேன். பைலட்டுக்கும் அதே கதைதான். அந்த இடத்தில் தினமும் எங்கள் ஆட்கள் கொடுப்பது 100, அவர் காது அதற்குத் தயாராக இருந்தது. இப்போதெல்லாம் 100-ஐ "ஒன் ஹண்ட்ரட்" என்று சொல்கிறார்கள், நல்ல மாற்றம்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் பக்கத்து வீட்டுப் பையன், பைலட் படிப்புக்குப் போக இருப்பவன், ரேடியோ பேச்சு முறையைக் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறான். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற மாதங்களில் பீளமேட்டில் இருக்கும் கோவை விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் காற்றை எதிர்த்து, வடகிழக்கிலிருந்து 23 என்று எண்ணிட்ட ஓடுதளத்துக்கு இறங்கும். எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தள்ளித் தாழ்ந்து போவது திண்ணையிலிருந்தே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "அன்னைக்குத் தப்பு யாரோடதுங்க பெரியப்பா, பைலட்டோடதுங்களா, உங்களோடதுங்களா?"

அவர் தப்பாகக் கேட்டார், அதை அவர் மறைக்கவில்லை, வாய் விட்டுத் திருப்பிச் சொன்னார். ரீட்பேக் என்பதே அதற்குத்தான். அதைக் கேட்டுத் திருத்த வேண்டியவன் நான். நான் பேசாமல் இருந்தால் ஆமாம் என்றுதான் அர்த்தம். என்னுடையது கண்ணு என்றேன்.

அப்புறம் அவனுக்கு ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் நடந்த விபத்தின் கதையைச் சொன்னேன். 1977 மார்ச் 27. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் டெனரீஃபின் சின்ன நிலையத்தில் அடைந்து கிடந்தன, மேலே மூடுபனி. டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் 747 ஜம்போ விமானம் ஓடுதள முனையில் நிற்கிறது, அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் 747 அதே ஓடுதளத்தில் எதிரே ஊர்ந்து வருகிறது. பறக்க வேண்டிய வழியை டவர் சொல்கிறது. அது கிளம்புவதற்கான அனுமதி இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் 'டேக்-ஆஃப்' என்ற சொல் இருந்தது. கேஎல்எம்மின் துணை பைலட் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கடைசியில் "இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்கிறார். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று டவர் எடுத்துக்கொண்டது. "ஓகே" என்றார் கண்ட்ரோலர், சற்று நிறுத்தி, "காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்." அதே நொடியில் பான் ஆம், "நாங்கள் இன்னும் ஓடுதளத்தில்தான் இருக்கிறோம்" என்றது. எங்கள் ரேடியோவில் இருவர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் இரண்டு அலையும் மோதிக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாகக் கேட்டது அந்த "ஓகே" மட்டும். அது ஓடிப்போய் பான் ஆம் மேல் மோதியது. 583 பேர் போனார்கள்.

அந்த "ஓகே" எனக்கு நம்ம ஊர் "சரீங்க"வேதான். அன்று கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கிய பிறகு ஃப்ளைட் இன்ஜினியர், "அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். கேப்டன், விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். இன்ஜினியர் மறுபடி கேட்கவில்லை. பெரியவர் சொன்னபிறகு மறு கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட எங்களுக்கு அந்த மௌனம் நன்றாகவே புரியும். அதற்குப் பிறகுதான் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையே எடுக்கக் கூடாது, மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள்.

மரியாதையும் தயக்கமும் ரேடியோவில் ஆபத்து என்பதை 1990 ஜனவரி 25-இல் நியூயார்க் அருகே விழுந்த கொலம்பிய நிறுவனத்தின் அவியான்கா 52 விமானமும் சொல்லும். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள், முன்னுரிமை கேட்டார்கள், 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. 73 பேர் இறந்தார்கள். "கொஞ்சம் சிரமமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு எதிராளி புரிந்துகொள்வார் என்று காத்திருக்கிற வழக்கம் நம்மிடமும் உண்டு.

பையன் வாயில் முதலில் எதற்கும் "ராஜர்" தான் வந்துகொண்டிருந்தது. ராஜர் என்றால் நீ சொன்னது வந்து சேர்ந்தது என்று மட்டும்தான், செய்கிறேன் என்பது அதில் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அமைதியான திண்ணையில் சொல்லிக்கொடுத்து வேலைக்காகாது என்று அவனைத் தறிக்குடோனுக்குள் கூட்டிப்போனேன். தம்பிதான் இப்போது ஓட்டுகிறான். பையன் கண்ட்ரோலர், நான் பைலட். தறி ஓட ஓட அவன் வாசலிலிருந்து "ஒன் ஒன் ஜீரோ" என்று கத்துவான், நான் உள்ளே இருந்து வேண்டுமென்றே "ஒன் ஜீரோ ஜீரோ" என்று திருப்பிச் சொல்வேன். மூன்று முறை தலையாட்டிவிட்டான். நான்காவது முறைதான் அவன் குரல் சத்தத்தைத் தாண்டி வந்தது: "நெகட்டிவ், ஐ ஸே அகெய்ன், ஒன் ஒன் ஜீரோ."