அகற்றுவது நல்லது

ஆய்வுக் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் நான் எழுதிய வரி இது: "கோடியின் மேல் பொருத்தப்பட்டுள்ள பலகைகளையும் மீன் வலையையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அகற்றுவது நல்லது." (கரைக்குள் நீர் நிரம்பியதும் மிகுதி வழிந்து வெளியேறும் இடம்தான் கோடி.) இத்தனை காலம் கழிந்தும் அந்த 'நல்லது' என்ற சொல்லிடமே திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன். 'அகற்ற வேண்டும்' என்று எழுத எனக்கு என்ன தடை இருந்தது?

பணிக்காலம் முழுவதும் ஏரிக்கரைகளிலேயே கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு பண்ணை விடுதிக்காரர் ஓடையை மறித்து, படகு விடுவதற்காக எழுப்பியிருந்த இருபது அடி மண்கரையை 2021 செப்டம்பரில் அவர் அழைத்ததன் பேரில் பார்க்கப் போனேன். (அந்த ஓடை யாருடையது என்ற கேள்வியை அன்று நான் கேட்கவில்லை.) பெருந்தொற்றில் இரண்டு கோடைகள் வருமானமில்லாமல் போயிருந்தன. தண்ணீர் ஒன்றரை அடி கூடுதலாக நின்றால்தான் படகுத்துறை வரை படகு வரும் என்பதற்காகப் பலகை. வாங்கி விட்ட மீன் குஞ்சுகள் ஓடிப்போகாமலிருக்க அதன் மேல் கம்பி வலை. "தீபாவளி கூட்டம் முடியட்டும் சார், மறுநாளே எடுத்துடறேன்" என்றார். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4. மழை அதற்கு முன்பே தொடங்கிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பலகை என்ன செய்யும் என்று தெரியாமல் நான் எழுதவில்லை. கோடியின் மட்டத்திலிருந்து கரையின் உச்சி நான்கு அடி. வழியும் நீரின் ஆழம் இரட்டித்தால் வெளியேறும் அளவு இரட்டிப்பதோடு நிற்காது, ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஆழம் குறைந்தாலும் அதே கணக்கில்தான் குறையும். ஒன்றரை அடிப் பலகை வைத்தால் மீதி இரண்டரை அடிதான். கரை மேல் ஏறுவதற்கு முன் அந்தக் கோடி கடத்தக்கூடிய வெள்ளத்தில் பாதிக்குச் சற்று மேலாகவே பலகை தின்றுவிடும். எஞ்சிய வழியில் வலை நிற்கிறது. முதல் வெள்ளத்தில் வரும் சருகும் முள்ளும் அதில்தான் போய் அப்பும். மண்கரையின் மேல் தண்ணீர் ஏறிவிட்டால் பின்சரிவு அரித்துப்போக அதிக நேரம் ஆகாது. இதையெல்லாம் அறிந்தவன், குறிப்பின் முதல் இரண்டு பக்கங்களையும் கரையடியில் கண்ட ஒரு கசிவுக்கே கொடுத்திருந்தேன். கசிந்த நீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் உயர்த்திப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. மண் கலங்கி வந்திருந்தால்தான் கரை உள்ளே அரிபடுகிறது என்று பொருள். கரையில் வளர்ந்திருந்த வேலிக்காத்தானை வேரோடு நீக்கச் சொன்னேன், நண்டு வளைகளைக் களிமண் இட்டு இடித்து அடைக்கச் சொன்னேன். அங்கெல்லாம் 'வேண்டும்' என்றே எழுதியிருக்கிறேன். அவற்றால் அவருக்குப் பெரிய நட்டம் ஏதுமில்லை என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

எனக்காகவும் ஒன்று சொல்லிக்கொள்ளலாம். அரசாங்கத்தில் இருந்தபோது மேலதிகாரிக்கு எழுதும் குறிப்பில் 'நல்லது' என்று முடித்தால் அது கட்டளையாகவே படிக்கப்படும்; முப்பது ஆண்டுப் பழக்கம் அது. தவிர, எனக்கு அவரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எதுவும் இல்லை. அந்த டிசம்பரில் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டமும் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் கணக்கில் கொள்கிறது. ஆறு மீட்டர் கரை அதன் கண்ணில் அணையே அல்ல. ஆனால் அதற்குக் கீழே ஓர் ஊர் ஏரியும், ஏரிக்கு முன்னால் ஓடையோரமாகச் சில வீடுகளும் இருந்தன. மேலே மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்ததால் 1903இல் வாணியம்பாடி பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த மாவட்டத்துக்காரன் நான். ஒரு கரை உடைந்தால் அடுத்த கரைக்கு என்ன ஆகும் என்று எனக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நவம்பரில், பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போன நாள்களில் ஓர் இரவு, இரண்டு மணிக்குக் காவலாளி அழைத்தார். தீபாவளி முடிந்து பல நாள் ஆகியும் பலகை அப்படியே இருந்திருக்கிறது. "ஐயா, வலையில குப்பை அடைச்சிக்கிச்சி. கரை மேல ஏற இன்னும் ஒரு முழந்தான் இருக்கு. மொதலாளி போன் எடுக்கல." நான் ஒரு நொடியும் தயங்கவில்லை. "வலையை அறுத்து விடுங்க" என்றேன். அதன் பிறகுதான் கிராம நிர்வாக அலுவலரையும் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077ஐயும் அழைத்தேன்.

காவலாளி இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை வேப்பமரத்தில் முடிந்துவிட்டு, மார்பளவு ஓட்டத்தில் இறங்கி அரிவாளால் வலையை அறுத்திருக்கிறார். வலை போன வேகத்தில் பலகையில் ஒன்றும் பிய்த்துக்கொண்டு போனது. கரை நின்றது. வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காவலாளியின் உள்ளங்கையில் மட்டும் கம்பி கிழித்த தழும்பு இருக்கிறது. தண்ணீரில் இறங்கப் பயமாக இல்லையா என்று பின்னர் கேட்டேன். "நீங்க சொன்னீங்களே ஐயா" என்றார்.

அந்த நேரத்தில் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று பலமுறை யோசித்துவிட்டேன். கரையைவிட்டு விலகிப் போய் வீடுகளை எழுப்பச் சொல்லியிருக்கலாம். இருட்டில் அவர் ஒருவர் ஓடி எத்தனை கதவைத் தட்டியிருப்பார் என்பதும் கேள்விதான். நான் சொன்னது பலித்தது என்பது உண்மை. ஆனால் என்னை அரிப்பது அதுவல்ல. பலகையை வைத்தவரிடம் பகல் வெளிச்சத்தில், தேநீர் குடித்தபடி, என்னால் 'நல்லது' என்றுதான் சொல்ல முடிந்தது. நீச்சல் தெரியுமா என்றுகூட நான் கேட்காத ஒருவரிடம் கட்டளை தயங்காமல் வந்தது.

அடுத்த ஆண்டும் விடுதிக்காரரே ஆய்வுக்கு அழைத்தார். இம்முறை முதல் பக்கத்தின் முதல் வரியிலேயே 'உடனடியாக அகற்ற வேண்டும். மீண்டும் பொருத்தக் கூடாது' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, "என்ன சார், இவ்ளோ கோவமா எழுதிட்டீங்க?" என்று சிரித்தார். "கோபமெல்லாம் இல்லைங்க, வழக்கமா எழுதறதுதான்" என்றேன் நானும் சிரித்துக்கொண்டு. எடுத்த பலகைகள் படகுக் கொட்டகைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.