ஸ்லைடு போடும் முன் வகுப்பறையைப் பாருங்கள்

தானே புயலை எட்டாம் வகுப்புக்கு நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூர் அருகே கரையைக் கடந்த புயல் அது. இன்று பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த கதையை வீட்டில் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். உடனே படங்களைத் தேடி முப்பது ஸ்லைடு அடுக்கிவிடுகிறோம். 40 நிமிட பீரியடு பத்துக்கு மேல் தாங்காது.

முதலில் அறையை அளந்துவிடுங்கள். கடைசி பெஞ்ச் திரையிலிருந்து 9 மீட்டர் என்றால் படத்தின் அகலம் குறைந்தது ஒன்றரை மீட்டர் வேண்டும். ஆறில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, இன்றும் சரியாகத்தான் வருகிறது. கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் காலை வகுப்பில் வெயில் நேராகத் திரையில் விழும். திரையை எதிர்ச் சுவரில் மாட்டாமல் ஜன்னல் இருக்கும் சுவரின் பக்கமாகவே வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எழுத்து 28 பாயின்டுக்குக் கீழே போகக்கூடாது. வரி இடைவெளியையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேல் வரியின் கொக்கியும் கீழ் வரியின் புள்ளியும் ஒட்டிக்கொள்ளும். பாமினியில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் அடித்து, சேமிக்கும்போது எழுத்துருவையும் கோப்புக்குள் சேர்த்துவிடுங்கள். பிடிஎஃப் ஆக்கினாலும் எழுத்து தப்பிக்கும், ஆனால் வீடியோ ஓடாது.

அதிகம் காலை வாருவது ஒலிதான். விஜிஏ கேபிளில் படம் மட்டுமே போகும். எச்டிஎம்ஐ செருகினால் விண்டோஸ் பெரும்பாலும் ஒலியை ப்ரொஜெக்டருக்கே திருப்பிவிடும். வெளியே வைத்த ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஸ்பீக்கர் ரிப்பேர் என்று வயரைப் பிடுங்காமல், கீழ்ப்பட்டியில் உள்ள ஒலிக்குறியை அழுத்தி வெளியீட்டை மாற்றுங்கள். ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரின் சத்தம், ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் அறையில் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது.

வீடியோ மூன்று நிமிடம் போதும். செயற்கைக்கோள் படத்தில் புயல் சுழலும் இடத்தில் நிறுத்திவிட்டு, "கண்ணுக்கு வடக்கே காற்று எங்கிருந்து எங்கே அடிக்குது?" என்று கேளுங்கள். நம் அரைக்கோளத்தில் சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. அதனால் மேற்கே வரும் புயலின் வடபுறம் காற்று கடலிலிருந்து கரைக்கு, தென்புறம் கரையிலிருந்து கடலுக்கு. கடல்நீரும் வடபுறம்தான் கூடுதலாக ஏறும். பிள்ளைகளே விரலால் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். கேள்வியை வீடியோ முடிந்தபின் கேட்டால் பதில் வராது, கைதட்டல்தான் வரும்.

விளக்கு வகை ப்ரொஜெக்டர் என்றால் ஒரு யுபிஎஸ் அவசியம். 250 முதல் 300 வாட் இழுக்கும் கருவியை 600 விஏ யுபிஎஸ் சில நிமிடமே தாங்கும். அந்த நேரத்தில் பாடத்தைத் தொடர நினைக்காதீர்கள். கரண்ட் போனதும் ப்ரொஜெக்டரை முறைப்படி அணைத்து, உள் விசிறி தானாக நிற்கும்வரை விடுங்கள். சூடாக இருக்கும்போதே மின்சாரம் அறுந்தால் விளக்கின் ஆயுள் குறையும்.