பிளாக் சீல் லோ பிரஷர் பாஸ் ஆயாச்சு: படிச்சதை விட ஸ்கிம் பண்ணதுதான் ஜாஸ்தி

நியூஜெர்சி பிளாக் சீல், அதாவது பாய்லர் ஓட்டறதுக்கான லைசென்ஸ் பரீட்சை, லோ பிரஷர், ரிசல்ட் வந்துருச்சு, பாஸ். ஆஸ்பத்திரி மெயின்டனன்ஸ்லயும் ஸ்கூல் கஸ்டோடியன் வேலையிலயும் இருக்கற நம்ம ஆளுங்க எப்படி படிச்சேன்னு கேட்டுட்டே இருந்தீங்க, அதான் மறக்கறதுக்குள்ள எழுதிடறேன். ஃபார்ம், ஃபீஸ், அனுபவ லெட்டர் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

நான் உருப்போடற ஆள் கிடையாது. கேள்வி பதில் கார்டை அடுக்கி வச்சு மனப்பாடம் பண்றவங்க இதைப் படிச்சு நேரத்த வீணாக்காதீங்க. எனக்கு குழாயைத் தொட்டுப் பாத்தாதான் மண்டையில ஏறும். அதுக்குத் தோதா எங்க வீடு 1920கள்ல கட்டுன வீடு, ஒன் பைப் ஸ்டீம் ஹீட்டிங், அதாவது ஸ்டீம் மேல போறதும் தண்ணி கீழ திரும்பறதும் ஒரே குழாய்ல. பழைய பாய்லர் விரிசல் விட்டுப் போச்சுன்னு புதுசு மாத்துனோம், மாத்துன அன்னிலேர்ந்து ராத்திரியெல்லாம் குழாய்ல டொம்மு டொம்முன்னு அடி, ரேடியேட்டர்ல காத்து வெளிய போற வென்ட் தண்ணி துப்புது, கீழ ஹால்ல வேர்க்குது மாடியில ஸ்வெட்டர் போட்டுட்டு தூங்கறோம். போட்டுட்டுப் போன கான்ட்ராக்டரைக் கேட்டா "பழைய வீடுன்னா அப்படித்தாங்க சார், பிரஷரைக் கொஞ்சம் ஏத்தி விட்டுருக்கேன்"ங்கறார். அந்தக் கடுப்புலதான் புக்கையே ஒழுங்கா திறந்தேன்.

எல்லாரும் சேஃப்டி வால்வு, பர்னர்னு ஆரம்பிப்பாங்க. என்னைக் கேட்டா கேஜ் கிளாஸ்லேர்ந்து (பாய்லர்ல தண்ணி லெவலைக் காட்டற கண்ணாடிக் குழாய்) ஆரம்பிங்க. பாய்லர் ஓடும்போது அந்தக் கண்ணாடி முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து பாருங்க, வேற எதுவும் வேண்டாம். தண்ணி லேசா ஆடுனா சரி. எங்க வீட்டுல அது மேலயும் கீழயும் குதிச்சுது, திடீர்னு கண்ணாடியில தண்ணியே இல்ல, தண்ணி குறைஞ்சா நிறுத்தற லோ வாட்டர் கட்ஆஃப் பர்னரை அணைச்சுரும், அப்புறம் தண்ணி இறங்கி வந்ததும் மறுபடி பத்திக்கும். பாத்தா தண்ணி பத்தலன்னு தோணும், இன்னும் ஊத்துவோம், இன்னும் மோசமாகும்.

காரணம் எண்ணெய். புதுசா குழாய்க்கு மரை வெட்டுனா கட்டிங் ஆயில் உள்ள போகும், பாய்லர் செக்‌ஷன் வார்க்கும்போதும் அசெம்பிள் பண்ணும்போதும் ஒட்டுன பிசுக்கு வேற, எல்லாம் குழம்பு மேல எண்ணெய் மாதிரி தண்ணி மேல படலமா மிதக்கும். ஸ்டீம் அதை உடைச்சுட்டு வர்றப்போ தண்ணியையும் சேத்து மேல தூக்கிட்டுப் போகும். அந்தத் தண்ணிதான் குழாய்ல அடிக்குது, அதேதான் வென்ட்ல துப்புது. பழைய பாய்லர்ல தண்ணியும் நிறைய, ஸ்டீம் பிரிய இடமும் நிறைய. புதுசு எல்லாம் சின்ன வயிறு, அதனால கொஞ்சம் அழுக்கு இருந்தாலே தாங்காது.

இப்ப பரீட்சைக்கு வாங்க. ஃபோமிங், பிரைமிங், கேரிஓவர், இந்த மூணையும் போட்டுக் குழப்புவாங்க. தண்ணி மேல நுரை கட்டுனா ஃபோமிங். தண்ணி கட்டி கட்டியா ஸ்டீம் லைனுக்குள்ள பாஞ்சா பிரைமிங். ஸ்டீமோட தண்ணியும் அதுல கரைஞ்ச அழுக்கும் வெளிய போறது கேரிஓவர். புளோடவுன்னா வால்வைத் திறந்து பாய்லர் தண்ணிய வெளிய விடறது: பாட்டம் புளோடவுன் அடியில உக்காந்த சகதிக்கு, சர்ஃபேஸ் புளோடவுன் மேல மிதக்கறதுக்கு. நான் இதை எதையும் உருப்போடல, ஒரு வாரம் பேஸ்மென்ட்ல பாத்தது அப்படியே பேப்பர்ல வந்துச்சு.

ஸ்கிம்மிங், அதாவது மேல மிதக்கற எண்ணெயை வழிய விட்டு எடுக்கறது, எப்படின்னு கேக்கறவங்களுக்கு: பாய்லர் பக்கவாட்டுல வாட்டர் லைனுக்குக் கொஞ்சம் மேல ஒரு பிளக் அடைச்ச ஓட்டை இருக்கும், அதுல ஒரு குழாய் போட்டு பக்கெட்டுக்கு விடணும். தண்ணிய சூடாக்குங்க ஆனா ஸ்டீம் வரக்கூடாது, பர்னரை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் ஃபீட் வால்வை (புதுத் தண்ணி உள்ள விடற வால்வு) லேசா திறந்து பென்சில் தடிமனுக்கு மட்டும் வழியற மாதிரி விடுங்க. மணிக்கணக்குல ஆகும். வேகமா விட்டா வெறும் தண்ணிதான் போகும், எண்ணெய் சுவத்துல ஒட்டிட்டு உள்ளயே நிக்கும். முடிஞ்சதும் தண்ணிய சரியான லெவலுக்கு இறக்கி, உடனே ஸ்டீம் வர்ற வரைக்கும் கொதிக்க விடுங்க, புதுத் தண்ணியில இருக்கற ஆக்ஸிஜன் வெளிய போகணும், இல்லன்னா துரு. இதை ஒரு தடவை பண்ணிட்டு விட்டுறாதீங்க, கண்ணாடியில தண்ணி அடங்கற வரைக்கும் திரும்பத் திரும்ப.

எங்களுக்கு முக்கால்வாசி சத்தம் இதுலயே போச்சு. மிச்சத்துக்கு ஹெடர் (பாய்லருக்கு மேல ஸ்டீம் வந்து சேர்ற குழாய்) காரணம், கான்ட்ராக்டர் காப்பர்ல சின்ன சைஸ்ல போட்டு வச்சிருந்தார், ஸ்டீமுக்கு காப்பர் விரிஞ்சு சுருங்கி சால்டர் ஜாயின்ட்டை இழுக்கும். வேற ஒரு பிளம்பர் வந்து கம்பெனி மேனுவல்ல இருக்கற படத்தைப் பாத்து ஸ்டீல்ல, வாட்டர் லைனுக்கு 24 இன்ச் மேல, ஈக்வலைசரோட (ஹெடர்ல சேர்ற தண்ணியைத் திரும்ப பாய்லருக்கு இறக்கற குழாய்) மாத்திக் குடுத்தார். அந்தப் படத்தை முதல் ஆளும் ஒரு தடவை புரட்டிப் பாத்திருக்கலாம். நல்லா இருங்க சார்.

பிரஷர் ஏத்துன கதை. லோ பிரஷர் ஸ்டீம்னா 15 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு) வரைக்கும், சேஃப்டி வால்வும் அதுக்குத்தான், இது பரீட்சை. வீட்டுக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல தேவையே இல்ல. கட்-இன் (பர்னர் பத்தற பிரஷர்) 0.5, டிஃபரன்ஷியல் (அதுக்கு மேல எவ்வளவு ஏறுனா நிக்கணும்ங்கறது) 1 வச்சா 1.5ல நிக்கும். மாடி சூடாகாததுக்குக் காரணம் பிரஷர் இல்லங்க, குழாய்க்குள்ள நிக்கற காத்து. பேஸ்மென்ட்ல மெயின் ஸ்டீம் குழாயோட கடைசியில இருந்த பழைய வென்ட் அடைச்சுக் கிடந்துச்சு, பெருசா புதுசு போட்டேன், மாடி சூடாயிருச்சு.

மத்தது, மறக்காம:

- கண்ணாடியில தண்ணியே தெரியலன்னா முதல்ல நெருப்பை அணை. தண்ணி ஊத்தாதே. ஆறட்டும். இதைத் தப்பா எழுதிட்டு லைசென்ஸ் கேக்காதீங்க.
- ஒரு பாய்லர் ஹார்ஸ்பவர் = மணிக்கு 34.5 பவுண்டு தண்ணிய 212 டிகிரி ஃபாரன்ஹீட்ல ஸ்டீமாக்கறது. பிடியூ (வெப்பத்தை அளக்கற அலகு) கணக்குல மணிக்கு சுமார் 33,475.
- பாய்லர் சைஸ் பழைய பாய்லர் ஸ்டிக்கரைப் பாத்து எடுக்கக்கூடாது, ரேடியேட்டரை அளக்கணும், ஒரு சதுர அடிக்கு மணிக்கு 240 பிடியூ. இது பரீட்சைக்கு இல்ல, வீட்டுக்கு.
- பிரஷர் கேஜுக்குக் கீழ வளைஞ்ச சைஃபன் குழாய் எதுக்கு? உள்ள தண்ணி நிக்கணும், ஸ்டீம் நேரா கேஜ்ல படக்கூடாது. வீட்டுல இது அடைச்சா, பர்னரை நிறுத்தற கன்ட்ரோல் பிரஷரைப் பாக்கவே பாக்காது, கழட்டிப் பாருங்க.
- ஹார்ட்ஃபோர்ட் லூப் (தண்ணி பாய்லருக்குத் திரும்பற ரிட்டர்ன் லைன்ல ஒரு வளைவு): அந்த லைன் உடைஞ்சாலும் பாய்லர் மொத்தமா காலியாகாம இருக்க. இன்சூரன்ஸ் கம்பெனி பேர்ல வந்த ஐட்டம்.
- ஃப்ளோட் டைப் (மிதவை வச்ச) கட்ஆஃபை பர்னர் ஓடும்போது புளோடவுன் பண்ணணும், பர்னர் நின்னாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். புது வீட்டு பாய்லர்ல பெரும்பாலும் புரோப் (தண்ணிய உணர்ற கம்பி) தான் இருக்கு, அதனால ஃப்ளோட் டைப்பை வேலை செய்யற இடத்துல தொட்டுப் பாத்துட்டுப் போங்க.
- ஒன் பைப் ரேடியேட்டர் வால்வு முழுசா திறந்திருக்கணும், இல்ல முழுசா மூடியிருக்கணும். பாதி திறந்து வச்சா ஸ்டீம் உள்ள போற வழியிலயே தண்ணி திரும்பி வர முடியாம தேங்கும். ரேடியேட்டர் வால்வு பக்கமா லேசா சாஞ்சிருக்கணும்.
- வீட்டுல கேஸ் லைன்ல மட்டும் நீங்களா கை வைக்காதீங்க, பிளாக் சீல் அதுக்கான லைசென்ஸ் இல்ல.