ஆர்டர் நோட்டில் வைத்த சிவப்புப் புள்ளிகள்

ரங்கூனில் ஏப்ரல் மாதம் வியர்க்கிறது என்று யாராவது டாக்டரிடம் போவார்களா? நானும் போகவில்லை. பர்மியப் புத்தாண்டுத் திருவிழாவான திஞ்சான் முடிந்தும் மழை எட்டிப் பார்க்காத நாட்கள். கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். தகரக் கூரைக்கு நேர் கீழே என் தையல் மெஷின். வியர்க்காமல் இருந்தால்தான் அதிசயம். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், கரண்ட் வந்திருக்கிறதா, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றலாமா என்று பார்க்கத்தான் எழுந்தேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

முதல் சந்தேகம் டிசம்பரில் வந்தது. இந்த ஊரில் குளிர் என்று சொல்லிக்கொள்ள இருப்பதே அந்தச் சில வாரங்கள்தான். ஒரு பர்மியக் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைப் பட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா ஸ்வெட்டரோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று நெஞ்சிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து காது மடல் என்று சூடு ஏறியது. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதுபோல. தாடையிலிருந்து ஒரு சொட்டு வியர்வை காலர் துண்டின்மேல் விழுந்து புளியங்கொட்டை அளவுக்குப் பரவியது. பவுடர் போட்டு ஒற்றினேன். காய்ந்த பிறகும் ஓரத்தில் ஒரு வளையம் நின்றது. என் கைக்காசில் பட்டு வாங்கி அந்தக் காலரை மறுபடி வெட்டினேன். சூடு வந்து போக மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. போன பிறகு கை சில்லிட்டது.

கூட வந்திருந்த பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்து, "துவே சௌன்" என்றார். பர்மிய மொழியில் ரத்தம் முடிவது, அதாவது மாதவிடாய் நிற்பது என்று அர்த்தம். கடையில் விற்கும் துவே சே, அதாவது ரத்த மருந்து, வாங்கிக் குடி என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் இதற்கு வார்த்தையே கிடையாது. அம்மா "நின்னு போச்சு" என்பார், அதோடு சரி. நிற்பதற்கு முன்னால் வண்டி எத்தனை குலுங்கு குலுங்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் பாட்டியை நம்பவில்லை. எனக்குத்தான் நிற்கவில்லையே, முன்னைவிட அதிகமாகப் போகிறதே! என்னைக் குழப்பியது அதுதான். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டே டேப்பைத் தேடுவேன். 34 இஞ்ச் இடுப்பை 43 என்று எழுதி வைப்பேன். கத்தரிக்கோல் பிடித்தால் கட்டைவிரல் மூட்டு வலிக்கும். ஒரு ராத்திரி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதில் வீட்டுக்காரர் பயந்துபோய் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. "கேஸ்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு 46 வயது என்பது சீட்டிலேயே எழுதியிருந்தது, ஆனால் மாதவிடாய் பற்றி ஒரு கேள்வி இல்லை.

கேட்டது அடுத்துப் பார்த்த பெண் டாக்டர். "கடைசி ஐந்தாறு தடவை எந்தெந்தத் தேதி?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம்தான் ஆர்டர் நோட்டு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை அனவ்ரதா ரோட்டுக் காளி கோயிலுக்குப் போகலாமா கூடாதா என்று கணக்குப் பார்க்க, தேதிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது என் பழக்கம். அம்மன் தரிசனத்துக்கு வைத்த கணக்கு டாக்டருக்குப் பயன்பட்டது! வீட்டுக்கு வந்து இடைவெளிகளை எண்ணினேன். 27 நாள், 24, 38, 21, 56.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்ததும் தலையசைத்தார். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரிமெனோபாஸின் தொடக்க அடையாளமாம். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். அதற்கு முந்தைய இழுபறிக் காலம்தான் இது. சராசரியாக 4 வருடம், சிலருக்கு அதைவிட நீளும். 45 வயதைத் தாண்டியவருக்கு ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் வேண்டியதில்லை. அளவு நாளுக்கு நாள் குதிப்பதால் ஒரு நாள் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதேபோல வேஷம் போடும் என்பதால் அவற்றைப் பார்க்கச் சொன்னார். தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 9.4. படபடப்பிலும் அசதியிலும் அதற்கும் பங்கு உண்டு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்.

ஏன் இப்படி என்று கேட்டேன். பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பையில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்குமாம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். மாதவிடாய் நிற்கும் சமயம் ஆயிரம் அளவில் வந்து நிற்கும். கையிருப்பு குறையக் குறைய சில மாதம் முட்டை வெளிவருவதில்லை. அந்த மாதம் புரோஜெஸ்டிரோன் சுரக்காது, கருப்பையின் உள்சவ்வு தடித்து, பிறகு கொட்டித் தீர்க்கும். ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைவதுமில்லை, ஏறி இறங்கும். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற இடம்தான் உடம்புச் சூட்டைச் சரிபார்க்கிறது. அது தாங்கும் வித்தியாசம் இப்போது குறுகிவிடுகிறது. என் தொழில் பாஷையில், ஓரத்தில் அரை இஞ்ச் துணி விட வேண்டிய இடத்தில் நூலளவு விட்டால் கொஞ்சம் அசைந்தாலே பிரியுமே, அப்படி. இம்மி சூடு ஏறினாலும் உடம்பு பதறி வியர்வையைத் திறந்துவிடுகிறது.

சூட்டுக்கு ஹார்மோன் மருந்துதான் நன்றாகக் கேட்கும், ஆனால் மார்பகப் புற்றுநோயோ ரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் பொதுவாகக் கொடுக்க மாட்டார்களாம். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். துவே சே குடிக்கவில்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததைக் குடிக்க எனக்கு மனசில்லை. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும், இடையில் ரத்தம் பட்டாலும், ஒரு வருடம் நின்ற பிறகு மறுபடி வந்தாலும் "வயசுக் கோளாறு" என்று வீட்டில் உட்காராதே என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். கர்ப்பமும் இன்னும் சாத்தியம்தான் என்றபோது வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அம்மா ராத்திரியில் மாடிப்படியில் போய் உட்காருவார். அப்பா வேலை முடிந்து வரக் காத்திருக்கிறார் என்று நினைத்திருந்தோம். அப்பா வந்து சாப்பிட்டுத் தூங்கிய பிறகும் அவர் அங்கேயே இருப்பார், இடுப்பில் சுற்றிய தமைன் துணியின் நுனியால் விசிறிக்கொண்டு.

போன வாரம் மோல்மீனிலிருந்து தங்கச்சி பேசினாள். அவளுக்கு 44. "அக்கா, ராத்திரி தூக்கமே இல்லை, கரண்ட் இல்லாம ஒரே புழுக்கம்" என்றாள்.

"கரண்ட் கிடக்கட்டும். காலண்டரை எடுத்துட்டு வாடி" என்றேன்.